பர்கர் கணக்கா, மசோதா கணக்கா?

சட்டமன்றத்துக்கு நிற்கிறவரிடம் "லாபியை என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால், "ஒழுங்குபடுத்துவேன்" என்றுதான் பதில் வரும். லாபி என்றால், நிறுவனங்களுக்காகவோ அமைப்புகளுக்காகவோ உறுப்பினர்களிடம் பேசி மசோதாக்களைத் தங்களுக்குச் சாதகமாகத் திருப்பப் பார்ப்பது. எப்படி என்று அடுத்த கேள்வியைப் போட்டால்தான் ஆள் எந்தப் பக்கம் என்று பிடிபடும். அமெரிக்க மாநிலங்களில் இதற்கு முக்கியமாக மூன்று வழிகள் உண்டு: வாங்கித் தருவதைத் தடுப்பது, பதவி முடிந்ததும் லாபி வேலைக்குத் தாவுவதைத் தடுப்பது, யார் எந்த மசோதாவுக்காகப் பேசினார்கள் என்பதை ஊரறியப் பதிவு செய்வது.

மேடையில் எடுபடுவது முதல் வழிதான். கலிஃபோர்னியாவில் 1974-ல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய சட்டம், லாபிக்காரர் ஓர் உறுப்பினருக்கு மாதம் 10 டாலருக்கு மேல் எதுவும் தரக்கூடாது என்றது. அந்த ஆண்டு ஆளுநர் தேர்தலில் நின்ற ஜெர்ரி பிரவுன் இதை 'இரண்டு ஹாம்பர்கர், ஒரு கோக்' என்று சுருக்கினார். சட்டம் மறந்தவர்களுக்கும் பர்கர் நினைவிருக்கிறது. விஸ்கான்சின் இன்னும் கறார். லாபிக்காரர் ஒரு காப்பிகூட வாங்கித் தர முடியாது. வாஷிங்டன் மாநிலச் சட்டமோ, உறுப்பினர் 'எப்போதாவது' ஓசிச் சாப்பாடு சாப்பிடலாம் என்றது. எப்போதாவது என்றால் எத்தனை தடவை? 2014-ல் சட்டமன்ற நெறிமுறைக் குழு உட்கார்ந்து பேசி, ஆண்டுக்கு 12 சாப்பாடு என்று முடிவு கட்டியது. மாதம் ஒன்று!

சரி, காப்பியை நிறுத்தினால் செல்வாக்கு நின்றுவிடுமா? மசோதாவில் ஒரு சொல் மாறினால் யாருக்கு எவ்வளவு லாபம் என்று உட்கார்ந்து படிக்க உறுப்பினருக்கு நேரமில்லை. அதைப் படித்துவிட்டு, திருத்தத்தையும் எழுதிக் கையோடு கொண்டுவருகிறவர் லாபிக்காரர். அவர் வெறுங்கையோடு வந்தாலும் கதவு திறக்கும்.

இரண்டாவது வழியில் ஃபுளோரிடாவை மிஞ்சுவது கடினம். 2018-ல் வாக்களித்தவர்களில் சுமார் 79 சதவீதம் பேர் ஆதரித்த அரசியலமைப்புத் திருத்தப்படி, பதவியை விட்டவர் 6 ஆண்டு காத்திருக்க வேண்டும். அமெரிக்க நாடாளுமன்றத்தின் செனட்டருக்கே 2 ஆண்டுதான். நல்ல விஷயம்தான். ஆனால் 'ஆலோசகர்' என்று பலகை மாட்டிக்கொண்டு பின்னால் இருந்து சொல்லிக்கொடுப்பவரை இந்த மாதிரித் தடைகளால் பிடிப்பது கஷ்டம்.

என் ஓட்டு மூன்றாவதுக்கு. அதிலும் எல்லாப் பதிவும் ஒரே தரம் கிடையாது. கூட்டாட்சிச் சட்டப்படி லாபிக்காரர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை கொடுத்தால் போதும். அதற்குள் வாக்கெடுப்பே முடிந்திருக்கலாம். எந்த மசோதா என்று எழுத வேண்டும், ஆதரவா எதிர்ப்பா என்று எழுத வேண்டியதில்லை. விஸ்கான்சினில் ஒரு மசோதாவைப் பற்றிப் பேச ஆரம்பித்த 15 நாளுக்குள் அதன் எண்ணைத் தெரிவிக்க வேண்டும். கொலராடோ 2019-ல் கொண்டுவந்த சட்டம் இன்னும் வேகம்: கூட்டத்தொடர் நடக்கும்போது 72 மணி நேரத்துக்குள், நிலைப்பாட்டோடு சேர்த்து. மசோதா உயிரோடு இருக்கும்போதே தொகுதிக்காரர் தேடிப் பார்த்து, தன் உறுப்பினருக்கு ஃபோன் போடலாம்.

அங்கேயும் ஓர் இடுக்கு இருக்கிறது. 'ஆதரவு', 'எதிர்ப்பு' இரண்டுக்கும் பக்கத்தில் 'கவனித்து வருகிறோம்' என்றும் ஒரு கட்டம். என் தொகுதியில் லாபி சீர்திருத்தம் பேசும் வேட்பாளர் வந்தால், இரவு விருந்தைப் பற்றிக் கேட்க மாட்டேன். அந்தக் 'கவனித்து வருகிறோம்' கட்டத்தை என்ன செய்வார் என்று கேட்பேன்.