டி7 ஆர்என்ஏ கிட்: டி-பாக்ஸுக்குத் தாராளம், டிஆர்என்ஏவுக்கு எச்சரிக்கை

டிஎன்ஏ அச்சிலிருந்து ஆர்என்ஏ தயாரிக்கும் நியூ இங்கிலாந்து பயோலேப்ஸின் ஹைஸ்கிரைப் டி7 ஹை யீல்டு கிட்டை வாங்கலாமா என்று, சிங்கப்பூரின் பயோபோலிஸ் ஆய்வு வளாகத்திலும் என்யூஎஸ் பல்கலைக்கழகத்திலும் டி-பாக்ஸ் (அமினோ அமிலம் குறைந்ததும் மரபணுவைத் திறக்கும் ஆர்என்ஏ பகுதி) வேலை தொடங்கும் நம் மாணவர்கள் கேட்பதுண்டு. தாராளமாக வாங்கலாம். ஆனால் டிஆர்என்ஏ (புரதம் கட்ட அமினோ அமிலத்தைச் சுமந்துவரும் சிறு ஆர்என்ஏ) தயாரிக்க இதை மட்டும் நம்பி இறங்கினால் சோதனையின் முடிவே தப்பாகிவிடும்.

காரணம் டி-பாக்ஸ் வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. 1993இல் கிரண்டியும் ஹென்கினும் பேசிலஸ் சப்டிலிஸ் பாக்டீரியாவில் கண்டறிந்த ஏற்பாடு இது. மரபணுவுக்கு முன்னால் நீளும் லீடர் ஆர்என்ஏ, டிஆர்என்ஏவை இரண்டு இடங்களில் பிடித்துப் பார்க்கிறது. லீடரின் முதல் தண்டில் உள்ள கோடான் (அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்து), டிஆர்என்ஏவில் அதற்கு இணையான ஆன்டிகோடானோடு சேரும். எந்த அமினோ அமிலத்துக்கு உரியது என்பது அங்கே தெரிந்துவிடும். பிறகு டி-பாக்ஸின் யுஜிஜிஎன் என்ற எழுத்துவரிசை, டிஆர்என்ஏவின் என்சிசிஏ என்ற வாலோடு சேரப் பார்க்கும். வால் வெறுமையாக இருந்தால், அதாவது செல் அமினோ அமிலப் பசியில் இருந்தால், படியெடுப்பை நிற்கவிடாத ஆன்டிடெர்மினேட்டர் மடிப்பு நிலைத்து, ஆர்என்ஏவைப் படியெடுக்கும் பாலிமரேஸ் மரபணுவுக்குள் ஓடும். அமினோ அமிலம் ஏறியிருந்தால் அங்கே இடம் போதாது. டெர்மினேட்டர் மடிந்து படியெடுப்பு நின்றுவிடும்.

கிட்டில் உள்ள டி7 பாலிமரேஸுக்கோ, டிஎன்ஏ அச்சு முடிந்த பிறகும் ஓரெழுத்தைக் கூடுதலாக ஒட்டும் பழக்கம் உண்டு. எந்த நிறுவனத்தின் கிட்டானாலும் இதே கதைதான். லீடர் ஆர்என்ஏவுக்கு இதனால் பெரிய கேடில்லை. டிஆர்என்ஏவில் அந்த எழுத்து, அமினோ அமிலம் உட்காரும் இடத்தையே பிடித்துக்கொள்கிறது. ஹென்கின் குழுவினர் கிளைசின் டிஆர்என்ஏவின் நுனியில் வேண்டுமென்றே ஒரு சி சேர்த்து, அமினோ அமிலம் ஏறிய டிஆர்என்ஏவுக்குப் பதிலியாகப் பயன்படுத்தியவர்கள். அதேபோல, பசியைக் காட்டவேண்டிய உங்கள் மாதிரியில் ஒரு பங்கு, வயிறு நிறைந்ததாகச் சொல்லிக்கொண்டிருக்கும்.

சுத்திகரிக்கும் சிலிக்கா காலம் (column), 75 எழுத்து டிஆர்என்ஏவையும் கூடுதல் எழுத்தோடு 76 ஆனதையும் பிரிக்காது. 8 மோலார் யூரியா கலந்த 12% நீள ஜெல் பிரிக்கும், ஆனால் இழப்பு அதிகம். அதைவிட, டிஎன்ஏ அச்சைத் தயாரிக்கும் ரிவர்ஸ் பிரைமரின் 5-முனையில் கடைசி இரண்டு எழுத்துகளை 2-ஓ-மெதில் வகையில் ஆர்டர் செய்வது மேல். கூடுதல் எழுத்து வெகுவாகக் குறையும். தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும் ஆர்என்ஏவான எச்டிவி ரைபோசைமைப் பின்னால் வைத்து வெட்டினால் நுனி இன்னும் துல்லியம். அப்போது வாலில் 2,3-சுழல் பாஸ்பேட் தங்கும். டி4 பிஎன்கே நொதியால் அதை நீக்கியே ஆகவேண்டும். முன்முனையிலும் ஒரு நிபந்தனை: டி7 நன்றாகத் தொடங்க முதலெழுத்து ஜி வேண்டும். பேசிலஸின் கிளைசின் டிஆர்என்ஏ ஜியில் தொடங்குவதால் அதைப் பிடிக்கும் கிளைகியூஎஸ் மரபணுவின் லீடரோடு ஆரம்பிப்பது சுலபம்.

மற்றபடி கிட் நல்ல கிட். 20 மைக்ரோலிட்டர் வினையில், 1 மைக்ரோகிராம் கட்டுப்பாட்டு அச்சுக்கு 180 மைக்ரோகிராம் வரை என்கிறது நிறுவனம். டிஆர்என்ஏ குட்டையானது, இரண்டு மணி நேரம் போதாது; 37 டிகிரியில் இரவு முழுக்க விடுங்கள். அடியில் படியும் வெள்ளைப் பொடி மெக்னீசியம் பைரோபாஸ்பேட், சுழற்றி ஒதுக்கலாம். வினையை அறை வெப்பத்தில் கலக்கவேண்டும், ஐஸில் வைத்தால் ஸ்பெர்மிடின் டிஎன்ஏவை வீழ்த்தக்கூடும்.

மடிக்கும்போது டிஆர்என்ஏவை மெக்னீசியம் இல்லாத நீரில் 90 டிகிரியில் இரண்டு நிமிடம் சூடாக்கி, ஆறவிட்டு, பிறகே 10 மில்லிமோலார் மெக்னீசியம் சேருங்கள். மெக்னீசியத்தோடு கொதித்தால் ஆர்என்ஏ துண்டாகும். சிங்கப்பூர் ஈரத்தில் மைனஸ் 20இலிருந்து எடுத்த குழாயின் மேல் நீர் கோத்துவிடும். துடைத்து, சுழற்றி, அப்புறம் திறங்கள். கொட்டேஷனில் 9% ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

லீடர் ஆர்என்ஏவுக்கு ஐந்துக்கு நாலரை. டிஆர்என்ஏவுக்கு, மெதில் பிரைமரோடு சேர்த்துத்தான் மூன்றரை.