நாய் நடமாட்டம் அளக்கும் பட்டை: சுங்கை சிப்புட் மக்களே, ஏமாறாதீர்கள்

சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் நாய் வளர்ப்பவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். நாயின் நடமாட்டத்தை அளக்கும் கழுத்துப்பட்டை என்று சொல்லி 289 மலேசிய வெள்ளிக்கு என் தலையில் ஒன்றைக் கட்டிவிட்டார்கள். பணம் போனது போகட்டும். அதை நம்பிய மூன்று வாரத்தில் எங்கள் நாய் மணி சாகக் கிடந்ததுதான் மனசு ஆறமாட்டேன் என்கிறது.

மணிக்கு ஒன்பது வயது. அப்பா தோட்ட வேலைக்குப் பெரட்டுக்கு, அதாவது காலையில் பெயர் கொடுக்கும் இடத்துக்கு, போன காலத்தில் விடியற்காலையிலேயே அவர் பின்னால் செம்பனைக் காட்டுக்குள் ஓடுவான். இப்போது இருவரும் வீட்டோடு. கொஞ்ச நாளாக அவன் சோர்ந்து தெரிந்தான். நான் ஈப்போவில் வேலை முடிந்து வர இரவு எட்டாகிவிடும். டவுனில் ஒரு கடைத் தம்பி, "அக்கா, இதைக் கட்டி விடுங்க. எத்தனை அடி நடந்துச்சு, நெஞ்சு எப்படித் துடிக்குது, எல்லாம் போன்லயே வந்துரும்" என்றார்.

வந்தது. முதல் நாள் 9,000 அடி, இரண்டாம் வாரம் 12,000. தேறிவிட்டான் என்று இருந்துவிட்டேன். "என்னம்மா, இவன் எழும்பவே மாட்டேங்கிறானே" என்று அப்பா தினமும் சொன்னார். "இல்லப்பா, இங்க பாருங்க" என்று போனைக் காட்டினேன். பகல் முழுக்கப் பக்கத்தில் இருந்தவர் பேச்சைக் கேட்காமல் போனதை நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். மணி படுத்த இடத்தை விட்டு நகரவில்லை. பின்னங்காலால் கழுத்தை வறட்டு வறட்டென்று சொறிவான், காதை உதறுவான். ஒவ்வொரு சொறிக்கும் பட்டை குலுங்க, திரையில் அடிகள் ஏறின. பட்டையை அவிழ்த்து ரோமத்தை விலக்கினால் கொத்தமல்லி விதை அளவுக்கு ஊதிய உண்ணிகள். ஈறு வெளுத்துப் போயிருந்தது. ஈப்போவில் மருத்துவர் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, உண்ணிக் காய்ச்சல், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ரொம்ப இறங்கிவிட்டன என்றார். உண்ணிக்கடிக்குச் சொறிந்ததையெல்லாம் அந்தப் பட்டை நடையாக எண்ணியிருக்கிறது.

அன்றிரவே அக்கா பிள்ளையின் ஸ்பிரிங் தொட்டிலில் பட்டையை மாட்டி ஆட்டினேன். அடி ஏறியது. அதோடு 'இதயத் துடிப்பு 96' என்றும் காட்டியது. வெறும் கம்பிக்கு! செயலியைத் துழாவினால் 'உங்கள் உயரம்' கேட்கிறது. மனிதர் கையில் கட்டும் மலிவுச் சாமானை நாய்ப்பட்டையில் சொருகியிருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். கைக்கடிகாரம் தோலுக்குள் ஒளியைப் பாய்ச்சித் துடிப்பைப் படிக்கும். அடர்ந்த ரோமத்துக்கு மேல் அது நடக்காது.

நல்ல கருவிகளும் இருக்கின்றன. உள்ளே இருப்பது முடுக்கமானி, மூன்று திசை அசைவையும் பதியும். மூட்டுத் தேய்ந்த நாய்களுக்கு ஆய்வாளர்கள் கட்டிப் பார்ப்பது அதைத்தான். மொத்த அசைவு எவ்வளவு என்று எடுத்து, அதே நாயின் முந்தைய வாரங்களோடு ஒப்பிடுவார்கள். பட்டை இரண்டு விரல் நுழையும் அளவுக்குத்தான் இருக்க வேண்டும், தொங்கினால் குலுங்கும். நடக்கக் கூட்டிப்போகும் கயிற்றை அதே பட்டையில் மாட்டினாலும் கணக்குக் கெடும். விற்றவர் இதில் ஒன்றையும் சொல்லவில்லை.

திருப்பிக் கொண்டுபோனால், "பெட்டி பிரிச்சாச்சுக்கா, எடுக்க மாட்டோம்" என்று சுவரில் இருந்த பலகையைக் காட்டினார். சொன்ன வேலைக்கு உதவாத பொருளுக்கு அந்தப் பலகை செல்லாது. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 5 வெள்ளி கட்டிப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு கொடுத்திருக்கிறேன். 50,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், வக்கீல் வேண்டாம். ரசீதோடு தொட்டில் வீடியோவையும் சேர்த்திருக்கிறேன்.

மணி மருந்தில் இருக்கிறான். நேற்று அப்பா பின்னால் வாசல்வரை வந்தான். இதேபோல் பட்டை வாங்கியவர்கள் ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். இன்றிரவே பட்டையை அவிழ்த்து, கழுத்து ரோமத்தை விலக்கிப் பாருங்கள்.