இறக்குமதித் தடையா, கூடுதல் வரியா?

டாலர் தட்டுப்பாட்டில் எதைக் கையில் எடுப்பது என்று குழம்புபவர்கள் இலங்கையைப் பார்க்கலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதிக்குத் தடை, 2025 பிப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி, ஆனால் கடும் வரியோடு.

விலை: இரண்டிலும் ஏறும். தடைக்காலத்தில் பழைய வண்டிகளின் விலையே எகிறியது, லாபம் விற்றவருக்கு. வரி என்றால் அந்தப் பணம் திறைசேரிக்கு, அதாவது அரசின் கருவூலத்துக்கு.

வேகம்: தடைதான், ஒரு வர்த்தமானி (அரசிதழ்) அறிவித்தல் போதும். ஆபத்தும் அதுதான். ஆட்சி அதிகாரம் ஜனாதிபதி கையில் குவியும் நிறைவேற்று ஜனாதிபதி முறையில் மேலே ஒருவர் தீர்மானித்தால் போதும் என்பதால் 2021இல் ரசாயன உர இறக்குமதி திடீரென்று நின்றது, நெல்லும் தேயிலையும் பலத்த அடி வாங்கின, நவம்பரில் பின்வாங்கினார்கள்.

டாலர் கையிருப்பு வற்றும் சில மாதங்களுக்கு, அதுவும் ஆடம்பரப் பொருளுக்கு மட்டும், தடை சரி. அதற்குமேல் வரிதான், எப்போது குறையும் என்று முன்பே அறிவித்துவிட்டு.