குத்தா, பைலாவா, பாங்க்ராவா: கூட்டமாக ஆட எந்தப் பாட்டு?

கல்யாண ரிசப்ஷனோ, அபார்ட்மென்ட் ஆண்டு விழாவோ, ஆபீஸ் பார்ட்டியோ, டிஜேயிடம் போய்ச் சொல்வது ஒன்றுதான்: "செம ஹிட்டா நாலு பாட்டு போடுங்க." அவரும் போடுவார். கூட்டம் போனைத் தூக்கி வீடியோ எடுக்கும். ஆடுவது என்னவோ மேடைக்கு முன்னால் நிற்கும் எட்டுப் பேர்தான்.

ஒரு பாட்டு பிடித்திருப்பது வேறு, அந்தப் பாட்டுக்குக் கால் தானாக நகர்வது வேறு. ஒத்திகை பார்க்காத கூட்டத்தை ஆட வைப்பது தாளம். அதனால் மொழி, நடிகர், பார்வை எண்ணிக்கை எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு, தாளத்தை எத்தனை எத்தனையாக எண்ணுகிறோம் என்பதை வைத்துப் பிரித்துப் பார்ப்போம். தகிட தகிட என்று மும்மூன்றாக உருள்பவை ஒரு பக்கம்: நம் ஊர்க் குத்து, இலங்கையின் பைலா, குஜராத்தின் கர்பா. தகதிமி என்று நாலாக நடப்பவை இன்னொரு பக்கம்: எல்லாரும் ஒரே அசைவைச் செய்யும் மக்கரீனா வகையறா. பஞ்சாபின் பாங்க்ரா இரண்டுக்கும் நடுவில் நிற்கும். அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் குத்து. நம் ஊரில் இது இல்லாமல் பார்ட்டி நடத்த முடியாது, நடத்தவும் கூடாது. இதன் உயிர் பறையில் இருக்கிறது. நீளமான மெல்லிய குச்சி ஒரு கையில், குட்டையான தடித்த குச்சி மறு கையில். மெல்லியது மேலே சடசடவென்று ஓட, தடித்தது அடியில் கனமாக விழும். தோலைத் தீயில் காட்டி முறுக்கேற்றிய பிறகு வரும் அந்த ஓசைக்கு முன்னால் எந்த ஸ்பீக்கரும் நிற்காது.

ஆனால் குத்து ஊர்வலத்தில் வளர்ந்த ஆட்டம். திருவிழாவோ இறுதி ஊர்வலமோ, கூட்டம் நடந்துகொண்டே இருக்கும், முன்னால் சிலர் ஆடிக்கொண்டே போவார்கள். அதனால் எல்லாருக்கும் பொதுவான அடவு என்று எதுவும் கிடையாது, அவரவர் இஷ்டம். கைலியை மடித்துக் கட்டி, கர்சீப்பைப் பல்லில் கடித்து, நாக்கைத் துருத்திக்கொண்டு ஆடுகிறவருக்கு அது பெரிய சுதந்திரம். கூச்ச சுபாவம் உள்ளவருக்கோ அதே சுதந்திரம்தான் பயம்: "நான் என்ன ஆடுறது?" என்று யோசித்து முடிப்பதற்குள் பாட்டு முடிந்துவிடும். குத்து போட்ட இரண்டாவது நிமிடத்தில் இளவட்டங்கள் நடுவில் வளையம் கட்டிவிடுவார்கள், சித்தியும் அத்தையும் சுவரோரம் ஒதுங்கிவிடுவார்கள். ஆட்டம் களைகட்டியது போலத் தெரியும். எண்ணிப் பார்த்தால் முக்கால்வாசிப் பேர் பார்வையாளர்கள்.

சினிமா குத்துக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அது திரைக்காகக் கட்டப்பட்டது. மெதுவான தொடக்கம், நடுவில் தாளத்தை அறுத்துவிட்டு ஒரு வசனம், சரணத்தில் வேகத்தைக் குறைத்து மறுபடி ஏற்றுவது எல்லாம் படத்தில் ரசிக்கும்படி இருக்கும். தரையில் ஆடுகிறவன் அந்த இடங்களில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பான். 2018இல் வந்த 'மாரி 2' படத்தின் 'ரவுடி பேபி'யை எடுத்துக்கொள்ளுங்கள். பிரபுதேவா நடனம் அமைத்த பாட்டு, 2020இல் யூடியூபில் நூறு கோடி பார்வைகளைத் தாண்டியது. பார்த்த அத்தனை பேரில் அந்த அசைவுகளை முழுசாக ஆடக்கூடியவர்கள் எத்தனை பேர் தேறுவார்கள்? ஆடத் தெரிந்தவர்களை ரசிப்பதற்கு உருவான பாட்டு அது. மேடை ஏறும் நண்பர்கள் குழு ஒரு மாதம் ஒத்திகை பார்த்துவிட்டு ஆடட்டும், அருமையாக இருக்கும்.

நேரடிப் பறைக்குழுவை அழைத்தால் இந்தச் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும். அடிக்கிறவர் கூட்டத்தைப் பார்த்து வேகத்தை ஏற்றுவார், மூச்சு வாங்கினால் இறக்குவார். பறையாட்டத்தில் வரிசையாக நின்று ஒரே அடவைப் போடும் முறையும் உண்டு, பின்னால் நிற்கிறவர் அதைப் பார்த்துப் பழகிக்கொள்ளலாம். "சாவுக்கு அடிக்கிறதை நல்ல காரியத்துக்குக் கூப்பிடலாமா?" என்று சில பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அந்தச் சுளிப்பில் இருப்பது பழைய சாதிக் கணக்கு, வேறொன்றும் இல்லை. கவனிக்க வேண்டியது கூரையின் உயரத்தை. தாழ்வான ஏசி ஹாலுக்குள் பறை அடித்தால் எதிரொலியில் காது போய்விடும், வாசலுக்கும் திறந்த வெளிக்கும்தான் அது சரி.

குத்துக்கு நேர் போட்டி பைலா. அதே மும்மூன்று எண்ணிக்கை, குணம் மட்டும் வேறு. 1505இல் போர்த்துக்கீசியர் இலங்கைக்கு வந்தார்கள். அவர்களோடு வந்து தங்கிவிட்ட பாட்டும், அவர்கள் கொண்டுவந்த ஆப்பிரிக்கர்களின் தாளமும் கலந்து காஃப்ரிஞ்ஞா என்ற ஆட்ட இசை உருவானது. 1940களில் வாலி பாஸ்டியன் என்ற இலங்கைப் பாடகர் அதைச் சிங்களப் பாடலாக்கி, பைலாவாக ஊர் முழுக்கப் பரப்பினார். பழைய வடிவம் மட்டக்களப்பில் வாழும் போர்த்துக்கீசிய வம்சாவளிப் பறங்கியர் மத்தியிலும், புத்தளம் பக்கம் சிரம்பியடியில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரிடமும் இன்னும் மிச்சம் இருக்கிறது. தமிழில் அந்தத் துள்ளலைக் கொண்டுவந்தவர்கள் ஏ.ஈ. மனோகரனும் நித்தி கனகரத்தினமும். சிங்களமும் தமிழும் கலந்த 'சுராங்கனி'யைத் தெரியாத தமிழ்நாட்டுக்காரர் அபூர்வம், அது எந்தத் தீவிலிருந்து வந்தது என்று யோசித்தவர்களும் அபூர்வம்.

பைலாவில் கால் தரையை விட்டுப் பெரிதாக எழாது. இடுப்பு இரண்டு பக்கமும் சாயும், கை முழங்கை உயரத்தில் மிதக்கும், அவ்வளவுதான். பட்டுப்புடவையோ முழங்கால் வலியோ தடையே இல்லை. குத்தில் சுவரோரம் போன அத்தை இதில் நடுவுக்கு வந்துவிடுவார். தவிர, இலங்கையில் பைலாவைத் தனித்தனிப் பாட்டாக நிறுத்தி நிறுத்திப் போடும் வழக்கம் குறைவு. 'நான்ஸ்டாப்' என்று ஒரே வேகத்தில் பாட்டுக்குப் பாட்டு கோத்துக்கொண்டே போவார்கள். தாளம் அறாததால் கூச்சக்காரருக்கும் யோசிக்க நேரம் கிடைக்கிறது. மூன்றாவது பாட்டில் வந்து சேர்ந்தாலும் ஒன்றும் தவறிப்போயிருக்காது. அங்கே பள்ளிக்கூடக் கிரிக்கெட் போட்டிகளில் ட்ரம்பெட்டோடு பப்பரே வாத்தியக்காரர்கள் இதே துள்ளலை நாள் முழுக்க வாசிப்பார்கள். ஸ்கோர் என்னவானாலும் ஆட்டம் நிற்காது.

குறை? இருபது நிமிடம் போனால் எல்லாப் பாட்டும் ஒன்று போலத் தோன்றும். கல்லூரிப் பசங்க "இது தாத்தா காலத்துப் பாட்டு" என்பார்கள். உச்சத்துக்கு ஏற்றிவிடும் வெறி பைலாவிடம் இல்லை, அது குத்திடம்தான் இருக்கிறது. ஆனாலும் எட்டு வயதிலிருந்து எண்பது வரை கலந்த கூட்டத்துக்கு ஒன்றே ஒன்றுதான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் நான் பைலாவைத்தான் சொல்வேன்.

கர்பாவுக்கு முதல் தேவை இடம். நடுவில் விளக்கோ அம்மன் படமோ இருக்க, சுற்றி வட்டமாக நகர்ந்துகொண்டே இரண்டு தட்டு, மூன்று தட்டு என்று கைகொட்டி ஆடும் குஜராத் ஆட்டம், நம் கும்மிக்கு ஒன்றுவிட்ட சகோதரி. யுனெஸ்கோ 2023இல் இதைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நவராத்திரிக்குச் சென்னை சௌகார்பேட்டைப் பக்கம் போனால் நேரிலேயே பார்க்கலாம். வட்டத்தில் பெரிய வசதி ஒன்று இருக்கிறது: முன்னால் போகிறவரைப் பார்த்து அப்படியே செய்தால் போதும், யாரும் தனியாக மாட்டிக்கொள்ள மாட்டார்கள். ஆனால் நாற்காலி அடுக்கிய மண்டபத்தில் வட்டம் நசுங்கி முட்டை வடிவத்துக்கு வந்துவிடும். கோலாட்டக் குச்சியோடு தாண்டியா ஆடலாம் என்று ஆசைப்பட்டால் ஆளுக்கு இரண்டு குச்சி வாங்க வேண்டும், பழகாதவர்கள் எதிராளியின் விரலைத்தான் முதலில் பதம் பார்ப்பார்கள். மொட்டைமாடியோ மைதானமோ இருந்தால் மட்டும் இதை யோசியுங்கள்.

பாங்க்ராவுக்கு மொழி ஒரு பிரச்சினையே இல்லை. பஞ்சாபி எம்சியின் 'முண்டியான் தோ பச் கே' 1998இல் இங்கிலாந்திலிருந்து வந்து, சில ஆண்டுகளில் பஞ்சாபியில் ஒரு சொல் தெரியாத ஐரோப்பாவையே ஆட்டி வைத்தது. டோல் வாத்தியத்தின் ஒரு பக்கத்தை வளைந்த தடித்த கோல் அதிர வைக்கும், மறு பக்கத்தில் மெல்லிய குச்சி படபடக்கும். பறையை நேசிக்கிற காதுக்கு இது உடனே பிடித்துப்போகும். தோளைக் குலுக்கி, இரண்டு கையையும் தூக்கினால் பாதி பாங்க்ரா வந்துவிடும். எண்ணிக்கை நாலுதான், ஆனால் ஒவ்வொரு அடிக்குள்ளும் மும்மூன்றின் துள்ளல் ஒன்று ஓடும். நடுவில் நிற்கிறது என்று சொன்னது இதனால்தான். சிக்கல் மூச்சு. கையைத் தலைக்கு மேலே தூக்கிக் குதித்துக்கொண்டே இருக்க வேண்டும். சாப்பிட்ட வயிற்றோடு இரண்டு பாட்டுக்கு மேல் யாராலும் தாங்க முடியாது.

மிச்சம் இருப்பது எல்லாரும் ஒரே அசைவைச் செய்யும் பாட்டுகள். 'மக்கரீனா' 1996இல் அமெரிக்கப் பில்போர்டு பட்டியலில் 14 வாரம் முதலிடத்தில் இருந்தது. காரணம் எளிது: பதினாறு எண்ணிக்கையில் கை அசைவுகள் முடியும், ஒரு பக்கமாகத் திரும்பினால் மறுபடி அதே பதினாறு. முதல் சுற்றில் பார்த்து, இரண்டாவதில் தடுமாறி, மூன்றாவதில் யாரும் ஆடிவிடலாம். 2019இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த 'ஜெருசலேமா'வுக்கு அங்கோலா நாட்டு இளைஞர் குழு ஒன்று கையில் சாப்பாட்டுத் தட்டோடு, மென்றுகொண்டே ஆடிய வீடியோ உலகம் முழுக்கப் பரவியது. பந்திக்கும் மேடைக்கும் நடுவே அல்லாடும் நம் ரிசப்ஷனுக்கு இதைவிடப் பொருத்தமான நடனம் கிடைக்காது! கூச்சத்தை உடைக்க இந்த வகைதான் முதல். ஆனால் தொடர்ந்து மூன்று போட்டால் பள்ளிக்கூட டிரில் மாதிரி ஆகிவிடும்.

எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு என்பதில்தான் பல டிஜேக்கள் சறுக்குகிறார்கள். மக்கரீனாவிலிருந்து நேராகக் குத்துக்குத் தாவினால் நாலில் பழகிய கால் மும்மூன்றில் தடுமாறி, பாதிப் பேர் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள். நடுவில் ஒரே ஒரு பாங்க்ரா போட்டால் உடம்பு அந்தத் துள்ளலுக்குத் தயாராகிவிடும். ஒரு மணி நேரம் கையில் இருந்தால் ஜெருசலேமா, மக்கரீனா, ஒரு பாங்க்ரா, கால் மணி நேரத்துக்குக் குறையாமல் பைலா நான்ஸ்டாப், அந்தச் சூட்டிலேயே குத்து என்று கொண்டுபோகலாம். அப்போது வளையத்துக்குள் அத்தையும் இருப்பார். பைலாவிலிருந்து குத்துக்குப் போகையில் தாளம் மாறாது, கனம் மட்டும் ஏறும், அதனால் யாரும் வெளியேற மாட்டார்கள்.

திறந்த வெளியில் நடத்துகிறவர்கள் கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் வெளியில் ஒலிபெருக்கி கூடாது. கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று குத்தைத் தள்ளிப்போட்டால், பறை முழங்க வேண்டிய நேரத்தில் போலீஸ் ஜீப் வந்து நிற்கும். ஒன்பதரைக்குக் குத்தை ஆரம்பித்துவிடுங்கள். கேக் வெட்டுவதைப் பத்துக்கு மேல் வைத்துக்கொள்ளலாம், அதற்கு ஸ்பீக்கர் தேவையில்லை.