டி.எஸ். பாலையாவின் மூன்று படங்கள், ஒரே டிவிடியில்

'காதலிக்க நேரமில்லை' (1964), 'திருவிளையாடல்' (1965), 'தில்லானா மோகனாம்பாள்' (1968) ஆகிய மூன்று படங்களையும் ஒரே டிவிடியில் சேர்த்து, உறையில் டி.எஸ். பாலையாவின் முகத்தைப் பெரிதாக அச்சிட்டு விற்கிறார்கள். விலை மலிவு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் யாருடைய முகத்தைக் காட்டி விற்கிறார்களோ, அவருடைய நடிப்புதான் இதில் அதிகம் சேதமடைந்திருக்கிறது.

முதலில் உறை. 'நகைச்சுவைச் சக்கரவர்த்தி' என்ற பட்டத்தைத் தவிர அவரைப் பற்றி அதில் ஒரு வரி கூட இல்லை. 1914இல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, 1936இல் எம்.ஜி.ஆரின் முதல் படமான 'சதி லீலாவதி'யிலேயே வில்லனாக அறிமுகமாகி, 'வேலைக்காரி'யில் (1949) கதாநாயகனுக்கு வழிகாட்டும் நண்பராகவும் 'மதுரை வீர'னில் (1956) வில்லனாகவும் வந்தவரை வெறும் சிரிப்பு நடிகராகச் சுருக்கியிருக்கிறார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், படங்களை அகலத் தொலைக்காட்சிக்குப் பொருத்துவதற்காகக் காட்சிகளின் மேற்புறத்தையும் கீழ்ப்புறத்தையும் நறுக்கியிருப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. 'தில்லானா மோகனாம்பா'ளில் தவில் வித்வானாக அவர் வாசிக்கும் நெருக்கக் காட்சிகளில், மடியிலிருக்கும் தவிலின் பாதியும் அதன்மேல் விழும் கைகளும் திரைக்கு வெளியே போய்விடுகின்றன. மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாகஸ்வரம் ஒலிக்க, தோள்பட்டை மட்டும் குலுங்குகிற ஒருவரை நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

'காதலிக்க நேரமில்லை'யில் பழுது ஒலியில் இருக்கிறது. நாகேஷ் தாமே சத்தங்களை எழுப்பிப் பேய்க்கதை சொல்லும் அந்தக் காட்சியில், பேசுகிறவரைவிடக் கேட்கிறவருக்குத்தான் வேலை அதிகம். அசட்டுத் துணிச்சலோடு கேட்கத் தொடங்கும் பாலையா, கதை நகர நகரக் கண்ணும் வாயும் தம் வசத்தில் இல்லாதவராக மாறுவதைப் படிப்படியாகக் காட்டுவார். இயக்குநர் ஸ்ரீதரும் அந்த முகத்தை நம்பித்தான் காட்சியை நீளவிட்டிருக்கிறார். ஒற்றை ஒலித்தடத்தைச் சரவுண்ட் ஒலியாக மாற்றுகிறோம் என்று எதிரொலியைச் சேர்த்ததில், பாலையாவின் தொண்டையிலிருந்து வரும் சின்னச் சின்ன ஓசைகள் அமுங்கிவிட்டன.

ஓரளவு தப்பியது 'திருவிளையாடல்'தான். பாலமுரளிகிருஷ்ணா பாடிய 'ஒரு நாள் போதுமா' வெட்டுப்படாமல் இருக்கிறது; பாண்டியன் சபையில் ஹேமநாத பாகவதராக அமர்ந்து, பாட்டுக்கு நடுவே பாலையா சபையை ஏளனமாக நோட்டமிடும் பார்வையும் சங்கதிக்குச் சங்கதி ஏறும் செருக்கும் தெளிவாகத் தெரிகின்றன. இரவில் விறகுவெட்டியின் பாட்டைக் கேட்டு அதே செருக்கு வடிந்துபோகும் இடத்தில் இருட்டு சற்றுக் கருமையாகப் பதிந்திருந்தாலும் முகம் மறையவில்லை.

'திருவிளையாட'லுக்காக மட்டும் வேண்டுமானால் இதை வாங்கலாம். மற்ற இரண்டையும், ஓரம் வெட்டாத பழைய சதுர அளவில் கிடைக்கும் தனி டிவிடிகளாகத் தேடிப் பார்ப்பது நல்லது.