பழைய கார்டன் டிராக்டர்: ரிங் மட்டுமா, முழு ரீபில்டா, புது என்ஜினா?

கோலர் கம்பெனியின் கே சீரிஸ் என்ஜின் வைத்த பழைய கார்டன் டிராக்டர் (தோட்டத்துக்கான சின்ன டிராக்டர்) புகை தள்ள ஆரம்பித்தால் மூன்று வழிகள் உண்டு. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் மட்டும் மாற்றலாம், முழுசாகப் பிரித்து ரீபில்ட் செய்யலாம், இல்லை அதைத் தூக்கிவிட்டு ஹோண்டா ஜிஎக்ஸ்390 மாதிரி ஒரு புது என்ஜினை உட்கார வைக்கலாம்.

ரிங் வேலையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தேய்ந்த சிலிண்டர் வட்டமாக இருக்காது, கொஞ்சம் முட்டை வடிவத்துக்குப் போயிருக்கும். அதில் எவ்வளவு நல்ல ரிங்கைப் போட்டாலும் சுவரோடு ஒட்டாது. நானும் ஒருமுறை ஆசைப்பட்டுப் போட்டேன். அந்த சீசன் முடிவதற்குள் மறுபடியும் நீலப்புகை. சிலிண்டரை அளந்து, அது தேறினால் மட்டுமே இந்த வழி.

ரீபில்டுக்கு இந்த என்ஜின் நன்றாக ஒத்துழைக்கும். வார்ப்பிரும்பு பிளாக். 0.010, 0.020, 0.030 அங்குல ஓவர்சைஸ் (அவ்வளவு பெரிதான) பிஸ்டன்கள் உண்டு, அதனால் மூன்று தடவை ரீபோர் செய்யலாம், அதாவது சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கலாம். எல்லோரும் சிலிண்டரையே பார்ப்பார்கள். ஆனால் தீர்ப்பு கிராங்க் பின்னின் (கிராங்க் ஷாஃப்டில் கனெக்டிங் ராடு மாட்டும் உருளைப் பகுதி) கையில். கே241 முதல் கே341 வரையிலான மாடல்களில் இந்தப் பின்னின் விட்டம் 1.5 அங்குலம், அலுமினிய கனெக்டிங் ராடு நடுவில் பேரிங் ஷெல் இல்லாமல் நேரடியாக அதன் மேல் ஓடுகிறது. கடைந்து சிறிதான பின்னுக்குக் கம்பெனி தரும் அண்டர்சைஸ் ராடு 0.010 அங்குல அளவில் மட்டும்தான். அதாவது பின்னைக் கடைய ஒரே ஒரு வாய்ப்பு. முன்னால் யாரோ அதைப் பயன்படுத்திவிட்டிருந்தால் கணக்கே மாறிவிடும். ஆகவே பிஸ்டன் வாங்கும் முன் கிராங்க் பின்னை மைக்ரோமீட்டரால் அளந்து பாருங்கள். உள்ளே அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் கியர்கள் இருந்தால் அதையும் யோசிக்க வேண்டும்: உடைந்தால் பிளாக்கையே கிழித்துவிடும் என்பதால் பலர் திரும்ப மாட்டுவதில்லை. அதிர்வு சற்றுக் கூடும், அவ்வளவுதான்.

புது என்ஜின்? காகிதத்தில் சமம்தான். கே241 391 சிசி, 10 குதிரைத்திறன். ஜிஎக்ஸ்390 389 சிசி, 11.7. பராமரிப்பில் ஹோண்டாவுக்கே வெற்றி. கோலருக்கு 25 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும், ஹோண்டாவுக்கு 100 மணி நேரம். கோலர் மாதிரி இக்னிஷன் பாயிண்டின் இடைவெளியை 0.020 அங்குலத்துக்கு வைக்கும் வேலையும் கிடையாது.

சிக்கல் பொருத்துவதில் இருக்கிறது. பெல்ட்டில் ஓடும் டிராக்டர் என்றால் சமாளித்துவிடலாம். கோலர் என்ஜினோடு வந்த பழைய கப் கேடட் டிராக்டர் அப்படியல்ல. கிராங்கின் இரண்டு முனையிலும் வேலை. முன்முனை புல்வெட்டிக்கு, பின்பக்க ஃப்ளைவீல் கியர்பாக்ஸுக்கு. ஹோண்டாவில் வெளியே வருவது ஒரே ஷாஃப்ட். அதைப் பின்பக்கம் திருப்பி வைத்தால் சுழற்சி தலைகீழாகி, முன் கியரில் வண்டி பின்னால் போகும்!

கிராங்க் பின் நல்லபடியாக இருக்கும் கப் கேடட் என்றால் நான் ரீபில்டுக்குப் போவேன். பெல்ட் வண்டி, கிராங்க் பின்னும் ஏற்கெனவே கடைந்தது என்றால் ஹோண்டா. எந்த வழி என்றாலும் கழற்றும் முன் என்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் ஸ்பிரிங் எந்த ஓட்டையில் மாட்டியிருக்கிறது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.