பச்சை எந்த இடத்தில்? மாடிக் காளான் கொட்டகையில் பூசணத்தோடு பழகிய அனுபவம்

வீட்டில் காளான் போடுகிறவர்கள் எல்லோரும் ஒருநாள் கேட்கிற கேள்வி இது: "பை பச்சையாயிடுச்சு, என்ன மருந்து அடிக்கலாம்?" நாலைந்து வருஷமாக மாடியில் கீற்றுக் கொட்டகை போட்டு, வைக்கோல் அடைத்த பாலித்தீன் பைகளில் சிப்பிக்காளான் வளர்க்கிறேன். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான், பையில் எந்த இடத்தில் பச்சை? அதைச் சொன்னால் கோளாறு எங்கே என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். மருந்தைப் பற்றி அப்புறம் பேசுவோம், அதில் பேச அதிகமில்லை.

வித்து (காளான் இழை படரவிட்ட சோள மணிகள்) போட்ட அடுக்கில், அந்த மணிகளைச் சுற்றி மட்டும் பச்சை என்றால் வித்துப் பாக்கெட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும். வாங்கும்போதே வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மணிகள் வெள்ளை இழையால் பின்னிக் கட்டியாக இருக்க வேண்டும். அடியில் கலங்கிய நீர் நின்றாலோ, பஞ்சடைப்பு நனைந்திருந்தாலோ, புளித்த வாடை வந்தாலோ தள்ளுபடியே கொடுத்தாலும் வேண்டாம். பை முழுக்கத் திட்டுத் திட்டாக வந்தால் வைக்கோல் சரியாக வேகவில்லை. அடியில் மட்டும் என்றால் ஈரம் அதிகம். முதல் அறுவடைக்குப் பிறகு துளையைச் சுற்றி வந்தால், பறித்தபோது விட்டுப்போன தண்டு அழுகியிருக்கும், இல்லாவிட்டால் காளான் ஈ கொண்டுவந்து சேர்த்திருக்கும்.

பச்சைப் பூசணம் பிறக்கும்போது பச்சை இல்லை, வெள்ளை. அங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். சிப்பிக்காளானின் இழை வைக்கோல் தண்டை ஒட்டி, கிளைவிட்டு ஓடும். பச்சைப் பூசணமான டிரைக்கோடெர்மாவின் வெள்ளை பாலித்தீனில் அப்பியது போல அடர்ந்து நிற்கும். ஓரிரு நாளில் நடுவிலிருந்து பச்சை ஏறும். அந்தப் பச்சை அதன் வித்துத்தூள், அதாவது பரவத் தயாராகிவிட்டது என்று அர்த்தம். முகர்ந்தால் சில சமயம் தேங்காய் வாசம்கூட அடிக்கும், அந்தப் பூஞ்சை விடுகிற ஒரு வேதிப்பொருள்தான் காரணம். இரண்டு இழைகளும் மோதுகிற இடத்தில் மஞ்சள் பழுப்பில் சொட்டுகள் நிற்கும். பச்சை எதுவும் இல்லாமல் சொட்டு மட்டும் தெரிந்தால் பையைத் தூக்கிப் போட வேண்டாம். இழை முதிர்ந்தாலும், சூடு தாங்காவிட்டாலும் அப்படி விடும்.

வயல் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விதைநேர்த்திக்குக் கிலோவுக்கு 4 கிராம் என்று கலக்கிறோமே டிரைக்கோடெர்மா விரிடி, அதுவும் இந்தக் குடும்பம்தான். மண்ணில் வேரழுகலைத் தடுக்கும் அதே குணத்தால்தான் பையில் காளானையும் அமுக்குகிறது. அந்தப் பாக்கெட்டைக் கொட்டகைப் பக்கமே வைக்காதீர்கள். அதைக் கலந்த சட்டையோடு உள்ளே வராதீர்கள்.

ஆரஞ்சுப் பூசணம் வேறு சங்கதி. நியூரோஸ்போரா. நேற்று இல்லாதது இன்று துளை வழியே மஞ்சள்தூள் கொட்டியது போல வெளியே நிற்கும். கொஞ்சம் காற்றடித்தாலும் கொட்டகை முழுக்கப் பறக்கும். இதன் ஒருவகை வித்துத்தூளுக்கு 60 டிகிரி சூடு காட்டினால் சாவதற்குப் பதில் விழித்துக்கொள்ளும். அரைவேக்காட்டு வைக்கோல் வேகாத வைக்கோலைவிட மோசம் என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, வைக்கோலைச் சுத்தம் செய்கிற முறைகள். கார்பெண்டாசிம் என்ற பூசணக்கொல்லியும் ஃபார்மலினும் கலந்த தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைப்பது சுலபம், பூசணமும் குறைவாகவே வரும். ஆனால் ஃபார்மலின் புற்றுநோய் தரக்கூடிய பொருள், மூடியைத் திறந்தாலே கண் எரியும். வீட்டுக்குள் எனக்கு அது வேண்டாம். சுண்ணாம்பு நீர் செலவில்லாதது. நீற்றுச் சுண்ணாம்புதான் வேண்டும், சாக்பீஸ் பொடியால் பிரயோசனமில்லை. லிட்டருக்கு 2 கிராம்கூட முழுசாகக் கரையாது, ஆகவே அடியில் கொஞ்சம் தங்கும்படி போட்டால் கரைசல் நிறைவாக இருக்கும். கையுறை அவசியம். மழைக்காலத்தில் இது எனக்கு அவ்வளவு நம்பிக்கை தரவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் அண்டாதான். நான்கைந்து மணி நேரம் ஊறிய வைக்கோல், கொதி வந்த பிறகு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம், மேலே கனமான கல். வெந்ததைத் திறந்த தரையில் மணிக்கணக்கில் ஆறப்போட்டால் எல்லாம் வீண். பிழிந்தால் சொட்டக் கூடாது, உள்ளங்கை ஈரமாக வேண்டும். அந்தப் பதம் வந்ததும் உடனே பையில் அடைத்துவிடுவேன். மழையில் நனைந்து கறுத்த வைக்கோலை எந்த முறையும் காப்பாற்றாது.

இனி வைத்தியம். வித்து பரவி முடிவதற்குள் பச்சை வந்தால் அந்தப் பையில் நேரம் செலவழிக்காதீர்கள். பை முழுக்க வெள்ளையான பிறகு ஒரு ரூபாய் அளவுக்கு ஒரு திட்டு வந்தால் மட்டும் முயன்று பார்க்கலாம். பையை வெளியே கொண்டுபோய், ஈரத்துணியைத் திட்டின்மேல் போட்டு அழுத்தி (தூள் பறக்காமல் இருக்க), பிளேடால் பாலித்தீனைக் கீறி, சுற்றிலும் இரண்டு விரல் அகலம் சேர்த்து வைக்கோலை அள்ளி எடுத்துவிட்டு, குழியில் நீற்றுச் சுண்ணாம்பைத் தூவுவேன். முகக்கவசம் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது, ஆஸ்துமா இருப்பவர்கள் செய்யவே வேண்டாம். பல பைகளில் மறுபடி வந்திருக்கிறது. அடங்கிய பைகள் ஒரு அறுவடையாவது கொடுத்தன, ஆனால் திட்டுக்குப் பக்கத்தில் முளைத்ததை நாங்கள் சமைப்பதில்லை. ஆரஞ்சுக்கு இந்த வைத்தியமே கிடையாது. தூள் பறக்கும் முன் ஈரச்சாக்கில் சுற்றி வெளியேற்ற வேண்டியதுதான். கருப்பு மை போல உருகுகிற குடைக்காளான் வந்தால் பதற வேண்டாம், குடை விரியும் முன் பிடுங்கிவிடுங்கள்.

காசு போட்டதில் உண்மையாக உழைத்தது சன்னலுக்கு அடித்த நைலான் வலையும், விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் அட்டையும். ஈ குறைந்ததும் இரண்டாம் அறுவடைப் பச்சை கணிசமாகக் குறைந்தது. சித்திரை, வைகாசியில் சிப்பியோடு மல்லுக்கட்டுவதை நிறுத்திவிட்டேன். 30 முதல் 35 டிகிரி வரை சந்தோஷமாக வருகிற பால்காளானுக்கு மாறிவிடுகிறேன். அதில் மேலே பரப்புகிற மண்ணையும் ஆவியில் வேகவைக்க வேண்டும், அதைச் சோம்பினால் பூசணம் மேலிருந்து இறங்கும்.

கெட்ட பைகள் எல்லாம் தென்னை மரத்தடிக் குழிக்கு. அந்த வேலையைக் கடைசியாக, சாயங்காலம் தண்ணீர் தெளித்து முடித்த பிறகு செய்கிறேன். அப்புறம் குளியல், மறுநாள் காலை வரை கொட்டகைக்குள் போவதில்லை.